பார்த்தவர்: நிரோஜா

நிரோஜாவுக்குச் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பால் பக்கற்றில் திகதி இன்னும் ஐந்து நாள் இருந்தாலும் வெட்டியதும் மணந்து பார்ப்பாள். மினிபஸ்காரன் "இப்ப வெளிக்கிடும், ஏறுங்கோ" என்றால், சில்லு உருளும்வரை கீழேதான் நிற்பாள். நீர்வேலிக்கு வாழைக்குலை வாங்க வரும் வியாபாரிகள் அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் படலையைத் தட்டுவார்கள். அவளுடைய தகப்பன் நமசிவாயத்தாரோடு கதைப்பது அவர்களுக்கு லேசு.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கவும் உலகத்தில் ஓர் இடம் இருந்தது. சுன்னாகத்தில் ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் ஏழு பேர் வேலை செய்யும் சின்னக் கொம்பனி அது. பெயர் அலைக்கண். மீன்பிடி வள்ளங்களுக்கு ஒரு பெட்டி செய்தார்கள். பெட்டிக்குள் கைப்பிடி அளவில் ஒரு கணினிப் பலகை, அதிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் மறுமுனையில் திரை. திரையில் காற்று, மழை, கடல் வரைபடம், எல்லாவற்றுக்கும் மேலாக இந்தியக் கடலின் எல்லைக்கோடு. இரவில் கோடு எங்கே என்று தெரியாமல் அந்தப் பக்கம் போய் வள்ளத்தையும் இழந்து மறியற்சிறையிலும் கிடந்தவர்கள் இந்தக் கரையில் எத்தனையோ பேர். முதல் பன்னிரண்டு பெட்டிகள் மயிலிட்டி மீனவர் சங்கத்துக்கு. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று அதைப் பொறுப்பெடுத்திருந்தது. அவர்களுடைய பரிசோதகர் வருகிற திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

நிரோஜாவின் வேலை விவரக் கோப்பு. கணினிப் பலகைக்குத் தன் உடம்பில் என்ன உறுப்பு எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியாது. எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த உலோகக் காலில் மின்சாரம், அந்தக் காலில் கேபிள் செருகியிருக்கிறதா என்று சொல்லும் கம்பி, திரைக்குப் போகும் கேபிளைச் செருகும் சொக்கற் இன்ன வகை என்று ஒவ்வொன்றாக. இன்ன சொல்லைத்தான் எழுதலாம் என்பதற்கு உலகப் பொதுவான விதிக்கோப்பு ஒன்றும் உண்டு. திரைச் சொக்கற்றின் வகைக்கு அதில் ஐந்தே ஐந்து எழுத்துகள். வீட்டு ரீவியின் பின்னால் இருப்பது ஏ வகை. பி வகையைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. சியும் டியும் சின்னக் கமராக்களுக்கும் போன்களுக்கும் உரியவை. ஈ வகை வாகனங்களுக்கானது, குலுங்கினாலும் கழலாதபடி அதில் கொழுக்கி இருக்கும்.

"பலகையிலை எது இருக்கோ அதைத்தான் எழுதவேணும். நாங்கள் ஆசைப்படுறதை எழுதக் கூடாது." இதை அவள் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லுவாள். கோப்பில் யார் எதை மாற்றினாலும் அந்த மாற்றத்தின் அடியில் இரண்டு வரிகள் விழும். எழுதியவர் இன்னார், பார்த்தவர் இன்னார். எழுதியவர் யாராகவும் இருக்கலாம். பார்த்தவர் எப்போதும் நிரோஜாதான். அவள் பெயர் விழாமல் ஒரு முற்றுப்புள்ளிகூடக் கோப்புக்குள் நுழையாது என்பது கொம்பனிக்குள் எல்லோருக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வீட்டில் உழைப்பவள் அவள் ஒருத்திதான்.

புதன்கிழமை காலை, பரிசோதகருக்குக் காட்ட வேண்டிய கோப்புகளை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். திரைச் சொக்கற், வகை: ஈ.

அவள் எழுதியது ஏ. உதவி நிறுவனத்தோடு செய்த உடன்படிக்கையில் இருப்பதும் ஏ. கொம்பனி வாங்கியதும் ஏ வகைதான். ஈ வகையில் ஒன்றைக்கூட இந்தக் கட்டடத்துக்குள் யாரும் வாங்கி வந்ததில்லை. மாற்றத்தின் குறிப்பைத் திறந்தாள். "படகுக்கு மாத்தினது" என்று இரண்டே சொல். கீழே, எழுதியவர்: அருட்செல்வன். அதற்கும் கீழே, பார்த்தவர்: நிரோஜா.

இப்படி ஒன்றை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருப்பாளா? பாலையே மணந்து பார்ப்பவள், உடன்படிக்கைக்கு மாறான எழுத்தை விடுவாளா? விடமாட்டாள். ஆகவே அவள் பார்க்கவில்லை. ஆகவே அவள் பெயரை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். கணக்குச் சரியாகத்தான் வந்தது. திங்கட்கிழமை பரிசோதகர் இந்த வரியில் விரலை வைத்தால் அவர் முதலில் பார்க்கப்போவது அந்தப் பெயரைத்தான்.

அருட்செல்வன் பலகைகளில் உறுப்புகளை ஈயம் வைத்து ஒட்டுபவன். வயது இருபத்தைந்து இருக்கும். மயிலிட்டிப் பொடியன், தகப்பனும் தமையனும் கடல்தொழிலுக்குப் போகிறவர்கள். வேலையில் கை சுத்தம், வாய் குறைவு. வாய் குறைந்த ஆட்களை நிரோஜாவுக்கு எப்போதுமே பிடிப்பதில்லை; உள்ளே என்ன ஓடுகிறதென்று எப்படித் தெரியும்? இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மத்தியானத்தில் எல்லோரும் சாப்பிடும்போது அவன் மட்டும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போவான். திரும்பும்போது கையில் ஒரு சொப்பிங் பை இருக்கும். பை நேரே மேசை லாச்சிக்குள் போகும், லாச்சி பூட்டப்படும். அவள் சாப்பாட்டுக்கு எழும்பும்போது தன் கணினியைப் பூட்டாமல் போன நாட்களும் உண்டு. போதாதா?

சாமான் அலுமாரியைத் திறந்தாள். ஏ வகைச் சொக்கற் ஐம்பது வந்த பை. இப்போது முப்பத்தெட்டு. பன்னிரண்டு எடுக்கப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டு பலகைகளையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றிலும் ஏ வகை இல்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் விரல்நகம் அளவில் ஒரு குட்டிப் பலகை, அதன்மேல் அவள் படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஈ வகைச் சொக்கற். அதுவும் புதிதில்லை. ஒன்றின் முதுகில் ஜப்பான் எழுத்துப் பாதி அழிந்து கிடந்தது.

அப்படியானால் புதுச் சாமான் வெளியே போகிறது, பழைய சாமான் உள்ளே வருகிறது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காத ஒன்றும் இல்லை என்று ஒருவருக்குத் தோன்றும்போதுதான் பக்கத்தில் யாராவது இருந்து தலையில் குட்ட வேண்டும். நிரோஜாவுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அவன் நீர்வேலிப் பொடியனாக, தெரிந்த வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால், நிரோஜா முதலில் அவனைக் கூப்பிட்டு "இது என்ன தம்பி?" என்று கேட்டிருப்பாள். அவன் கரையூரான், கடல்தொழில் செய்யும் ஆட்களின் பிள்ளை என்பதால் கேட்கவில்லை, பின்தொடர்ந்தாள். அவளைக் கேட்டால் இல்லையென்று சத்தியம் பண்ணுவாள். அந்தச் சத்தியத்தையும் அவள் மனதாரத்தான் பண்ணுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்ததும் அவளும் ஸ்கூட்டியை எடுத்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மல்லாகத்தில் கார்களுக்கு மின்வேலை செய்யும் கடை ஒன்றின் முன்னால் அவன் நிறுத்தினான். அவள் எதிர்ப்பக்கத்தில் ஒரு பழக்கடையின் பந்தலுக்குள் ஒதுங்கி, தேவையில்லாமல் ஒரு பப்பாப்பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜப்பானிலிருந்து இறக்கும் பழைய கார்களில் பாட்டும் படமும் காட்டும் பெட்டி ஜப்பான் மொழியில்தான் கதைக்கும். வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு வேறொன்று பூட்டுவார்கள். கழற்றியவை அந்தக் கடையின் மூலையில் மலையாகக் கிடந்தன. கடைக்காரன் அதிலிருந்து கேபிள் மாதிரி எதையோ பிடுங்கிப் பையில் போட்டு அருட்செல்வனிடம் நீட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். காசு ஒன்றும் கைமாறவில்லை. காசு மாறியிருந்தாலும் அவள் சந்தேகப்பட்டிருப்பாள். மாறாததால் இன்னும் கூடச் சந்தேகப்பட்டாள்.

அவள் போய்ச் சொன்னதில், மூன்று மணிக்கு மயூரதனின் அறைக்குள் மூன்று பேரும் இருந்தார்கள். மயூரதன் கொம்பனியின் சொந்தக்காரர், நாற்பது வயது. குரலை உயர்த்தாமல் கதைப்பதைக் கொழும்பில் எங்கோ பயின்று வந்தவர். அறைக் கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெட்டி அடுக்கும் கஜானியும் மற்றவர்களும் வேலை செய்வது போல இருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் நேரா கேக்கிறன்," என்றாள் நிரோஜா. "உந்தப் பன்னிரண்டு பலகையிலையும் என்ன சொக்கற் வைச்சிருக்கிறாய்?"

"ஈ வகை," என்றான் அருட்செல்வன். "கோப்பிலை எழுதியிருக்குத்தானே அக்கா."

"எங்கையிருந்து எடுத்தனி?"

"பழைய கார் செற்றுகளிலை இருந்து கழட்டினது. மல்லாகத்திலை எனக்குத் தெரிஞ்ச அண்ணை சும்மாதான் தாறவர். முதல் ஏ வகையைத்தான் வைச்சனான். ஒண்டை என்ரை சொந்த அண்ணையின்ரை வள்ளத்திலை பூட்டிக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பாத்தம். எஞ்சின் குலுக்கிற குலுக்கிலை அரை மணித்தியாலத்திலை கேபிள் கழண்டு திரை இருண்டு போச்சு. எல்லைக்குக் கிட்ட நிக்கேக்கை இருண்டால் என்ன செய்யிறது? இது கொழுக்கி உள்ளது. கழராது."

"புதுசா ஓடர் பண்ணியிருக்கலாமே?" என்றார் மயூரதன்.

"வர ஆறு கிழமை செல்லும் எண்டு சொன்னவை. திங்கக்கிழமை ஆக்கள் வருகினம்."

"இதுக்கு ஆரைக் கேட்டனி?" என்றாள் நிரோஜா.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்களைத்தான் அக்கா. மாத்தத்தை அனுப்பினனான். நீங்கள் பாத்துச் சரியெண்டு விட்டனீங்கள்."

"நான் பாக்கேல்லை."

"பாத்தனீங்கள். உங்கடை பேர் இருக்கு."

"அந்தப் பேரை ஆர் போட்டது எண்டுதான் நான் கேக்கிறன்! நான் சாப்பிடப் போற நேரம் என்ரை கொம்பியூட்டர் திறந்து கிடக்கிறது உனக்குத் தெரியாதோ? பன்னிரண்டு புதுச் சொக்கற் எங்கை? புதுச் சாமானை வெளியிலை குடுத்துப்போட்டு குப்பையிலை பொறுக்கினதை வைச்சிருக்கிறாய். போதாதுக்கு என்ரை பேரையும் களவெடுத்திருக்கிறாய்."

வெளியே கஜானியின் கையில் இருந்த நாடாச் சுருள் நின்றது. அருட்செல்வனின் முகம் கறுத்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மயூரதனைப் பார்த்தான். மயூரதன் தன் கணினியில் எதையோ தட்டித் திரையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் இப்ப வீட்டை போம்," என்றார் அவனிடம். "நான் சொல்லும் வரைக்கும் வரவேண்டாம்."

"அண்ணை, நான் களவெடுக்கேல்லை."

"போம் எண்டுறன்."

அவன் லாச்சியைப் பூட்டும் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். நிரோஜாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதை ஒளிப்பானேன்? சந்தோஷமாகவே இருந்தது. தன் பெயர் தப்பிவிட்டது. தன் சம்பளத்தில் வாங்கும் அப்பாவின் மருந்து தப்பிவிட்டது. அன்று பின்னேரம் மயூரதன் மயிலிட்டிச் சங்கத் தலைவர் கந்தப்புவுக்குப் போன் எடுத்து, "உங்கடை ஊர்ப் பொடியன் ஒருத்தன் சாமானிலை கள்ள வேலை பாத்திட்டான், நாங்கள் பிடிச்சிட்டம், யோசியாதேங்கோ" என்று சொன்னதையும் அவள் காதால் கேட்டாள். கேட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை மயூரதன் அவளிடம் இரண்டு வேலை சொன்னார். ஒன்று, கோப்பில் வகையைத் திரும்ப ஏ என்று மாற்ற வேண்டும். இரண்டு, நடந்ததை ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும்.

"பலகையிலை ஈ வகை எல்லோ இருக்கு அண்ணை?"

"வாறவை கோப்பையும் ரசீதையும்தான் பாப்பினம். காட்டுறதுக்கு ரெண்டு பலகையிலை ஏ வகையை வைப்பம். மிச்சத்தைப் பேந்து பாப்பம்."

ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவள் ஓதும் மந்திரம் அப்போது வாயில் வரவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் தன் பெயரையும் தோண்டத் தொடங்கிவிடுவார்களோ என்ற பயம். ஈயை அழித்து ஏ என்று எழுதினாள். எழுதியவர் நிரோஜா, பார்த்தவர் நிரோஜா. ஒரே எழுத்துத்தான், விரல் ஒருதடவை அசைந்தது. கோப்பில் என்ன வகை இருக்கிறதோ அதற்கேற்ற கேபிளைத்தான் பெட்டிக்குள் வைக்கும்படி கஜானியின் பட்டியல் சொல்லும். அரை மணித்தியாலத்தில் கஜானி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, லிஸ்ட்டிலை இருக்கிற கேபிள் இதுக்குள்ளை போகுதில்லை."

"வைச்சு மூடும்," என்றாள் நிரோஜா.

"போகாத கேபிளை வைச்சு மூடவோ?"

"சொன்னதைச் செய்யும்."

கஜானி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். ஆனால் போன விதம் சரியில்லை.

கடிதத்தை எழுத உட்கார்ந்தவளுக்கு அது வலுவாக இருக்க வேண்டும் என்று பட்டது. அவன் எத்தனை மணிக்குத் தன் கணினியில் இருந்து பெயரைப் போட்டான் என்று காட்டினால் யாரும் வாய் திறக்க முடியாது. முதலில் அவன் லாச்சியைத் திறந்தாள். உள்ளே ஒரு ஐஸ்கிறீம் டப்பா. மூடியைத் திறந்தால், ஏ வகைச் சொக்கற்றுகள். எண்ணினாள், பன்னிரண்டு. ஒவ்வொன்றின் காலிலும் ஈயத்தை உறிஞ்சி எடுத்துத் துடைத்து, திரும்பப் பாவிக்கக்கூடிய மாதிரிப் பஞ்சில் அடுக்கி வைத்திருந்தான். ஒன்றுகூட வெளியே போகவில்லை.

டப்பாவை மூடினாள். சரி, களவு இல்லை. ஆனால் பெயர்? பெயரை அவன்தானே போட்டான்? சந்தேகத்தை அவ்வளவு லேசில் கைவிட அவளுக்கு மனமில்லை. கைவிட்டால் மிச்சமாவது என்னவென்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருக்க வேண்டும். கோப்பின் பதிவேட்டைத் திறந்தாள். யார், எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கருவி எல்லாம் அதில் இருக்கும்.

நிரோஜா. செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. கைத்தொலைபேசியில் இருந்து.

செவ்வாய் காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பாவின் கிளினிக் நாள். ஐந்து மணிக்கே போய் இலக்கம் எடுத்து, மடியில் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் நாள். கிழமைக்கொரு தடவை அந்த வாங்கில் இருந்துதான் அவள் வந்து குவிந்திருக்கும் மாற்றங்களைப் பார்த்து முடிப்பாள். பார்ப்பாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அந்த ஒன்பது ஐம்பத்திரண்டுக்குப் பதிவேட்டில் ஏழு மாற்றங்கள் இருந்தன. ஏழுக்கும் அவள் பெயர். ஏழும் ஒரே நிமிடத்துக்குள். மூன்றாவது அருட்செல்வனுடையது.

ஞாபகம் வந்தது. அப்பாவின் இலக்கத்தைத் தாதி கூப்பிட்டாள். அவர் எழும்பும்போது தடுமாறினார். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரலால் சரி, சரி, சரி என்று ஏழு தடவை தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். திரையைப் பார்க்கவேயில்லை.

அவள் மேலேயிருந்த பக்கங்களையும் தள்ளிப் பார்த்தாள். அதற்கு முந்திய செவ்வாய், ஒன்பது மாற்றங்கள், இரண்டு நிமிடம். அதற்கு முந்தியது, ஐந்து, ஒரு நிமிடம். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள் இந்த ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டிருக்கிறாள். வெட்கத்தில் காது மடல் சுட்டது. அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் ஒரு எண்ணம் வந்தது. வராமல் இருக்குமா? அருட்செல்வன் போய்விட்டான். பதிவேட்டைத் தோண்டத் தெரிந்தவர்கள் கொம்பனியில் இரண்டே பேர். கடிதத்தில் கையெழுத்தை வைத்தால் எல்லாம் முடிந்தது. பத்து நிமிடம் அந்த எண்ணத்தோடு இருந்தாள். பிறகு எழும்பி மயூரதனின் அறைக்குப் போனாள். இந்த முறை கதவைச் சாத்தினாள்.

"அண்ணை, அந்தப் பொடியன் பொய் சொல்லேல்லை. சரியெண்டு தட்டினது நான்தான். கிளினிக்கிலை இருந்து, பாக்காமல் தட்டிப்போட்டன். புதுச் சொக்கற்றும் பன்னிரண்டும் லாச்சிக்குள்ளை இருக்கு."

மயூரதன் அதிர்ச்சியடையவில்லை. கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"தெரியும்," என்றார்.

"என்ன?"

"பதிவேட்டை நேற்று நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை நிக்கேக்கையே பாத்திட்டன். உம்மடை போன் எண்டு அதிலை வடிவா இருக்கு."

"தெரிஞ்சுகொண்டோ அவனை அனுப்பினீங்கள்?"

"யோசிச்சுப் பாரும். உம்மை அனுப்பினால் கோப்பு எழுத எனக்கு ஆளில்லை. ஈயம் வைக்கிறதுக்கு நாளைக்கே ஒருத்தனை எடுக்கலாம். திங்கக்கிழமை அவை கண்டுபிடிச்சால் ஆரையாவது காட்ட வேணும். நீர் ஆளையும் காட்டி, சத்தமும் போட்டுத் தந்தீர். எனக்கு வேலை லேசாப் போச்சு." குரல் உயரவேயில்லை. "கடிதத்திலை கையெழுத்தை வைச்சுப்போட்டுப் போய்ச் சாப்பிடும். நல்ல பிள்ளை."

தன் சொல்லை நம்பித்தான் இவர் அவனை அனுப்பினார் என்று நேற்று முழுக்க நினைத்திருந்தாள். நம்பவேயில்லை. அவளுடைய சந்தேகம் அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அவருடைய வழுவழுப்பான மேசையையும் அவரையும் பார்க்க அவளுக்கு அருவருத்தது. தன்னை நினைக்க அதைவிட அருவருத்தது.

தன் இடத்துக்கு வந்து கோப்பைத் திறந்தாள். ஏயை அழித்து ஈ என்று எழுதினாள். குறிப்பில் இப்படி எழுதினாள்: "பன்னிரண்டு பலகையிலும் இருப்பது ஈ வகை. பழைய காரில் கழற்றியது. ஏ வகை கடலில் கழன்றுவிடுகிறது என்று அருட்செல்வன் சோதித்து அறிந்தார். அவர் அனுப்பிய மாற்றத்தைப் படிக்காமல் சரியென்று விட்டது நான். பின்னர் அதை ஏ என்று பொய்யாக மாற்றியதும் நான்." கோப்பில் போடும் எந்தக் குறிப்பும் பரிசோதகருக்கும் போகும் என்று உடன்படிக்கையில் இருந்தது. அனுப்பும் பொத்தானை அமத்துமுன் முழுவதையும் மூன்று தடவை படித்தாள். பிறகு அமத்தினாள். கஜானியிடம் போய், "மூடின பெட்டியெல்லாத்தையும் திற. அவன்ரை மேசைக்குக் கீழை இருக்கிற ஈ வகைக் கேபிளை எடுத்து வை," என்றாள். கஜானி முதல் பெட்டியின் நாடாவைக் கிழித்தாள்.

பிறகு படியிறங்கிக் கீழே நின்று அருட்செல்வனுக்குப் போன் எடுத்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பின்னால் அலைச் சத்தமும் யாரோ இயந்திரத்தை இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டன.

"அப்ப கோப்பு இப்ப சரியோ?" என்றான்.

"சரி. ஈ எண்டு இருக்கு. நடந்ததையும் எழுதியிருக்கிறன். பரிசோதிக்க வாறவைக்கும் போயிட்டுது."

"நல்லது." "என்னைக் கள்ளன் எண்டு சொன்னது கோப்பிலை இல்லை அக்கா. கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு சொன்னனீங்கள். இஞ்சை முழு ஊருக்கும் தெரியும். என்ரை அண்ணையின்ரை வள்ளத்துக்குக்கூடப் பெட்டி வேண்டாமெண்டு சொல்லுகினம், களவுச் சாமானாம். அம்மா நேற்றையிலை இருந்து வெளியிலை போகேல்லை. அதை எங்கை போய் மாத்துவியள்?"

"சங்கம் எப்ப கூடுது?" என்று மட்டும் கேட்டாள்.

"நாயித்துக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. நீங்கள் வரத் தேவையில்லை." போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மயிலிட்டிக்குப் போனாள். சங்க மண்டபம் துறைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட நீளக் கட்டடம். அறுபது எழுபது பேர், எல்லாரும் ஆம்பிளைகள். வலைமணமும் பீடிமணமும். அவள் உள்ளே வந்ததும் கதை நின்றது. சங்கத் தலைவர் கந்தப்பு, நரைத்த மார்புமயிர் தெரியச் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, "ஆர் பிள்ளை நீர்?" என்று கேட்டார்.

"நிரோஜா. பெட்டி செய்யிற கொம்பனி."

"அந்தக் களவைப் பிடிச்ச பிள்ளையோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். இன்னும் சிலர் சிரிக்கவில்லை. அவர்கள் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள். கடைசி வாங்கின் ஓரத்தில், தமையனுக்குப் பக்கத்தில் அருட்செல்வன் இருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை.

அவள் ஈ வகை, ஏ வகை என்று தொடங்கினாள். யாருக்கும் விளங்கவில்லை. பிறகு அந்த எழுத்துகளை விட்டாள். எஞ்சின் குலுக்கினால் கேபிள் கழரும், திரை இருளும், அதை உங்கடை பொடியன் ஒருத்தன் கடலுக்குப் போய்க் கண்டுபிடிச்சவன், கழராமல் இருக்க வழியும் அவன்தான் செய்தவன் என்றாள். அது எல்லோருக்கும் விளங்கியது. முன் வரிசைக் கிழவர் ஒருவர் தலையை ஆட்டினார்.

"அது சரி," என்றார் கந்தப்பு. "கள்ளன் ஒருத்தனைப் பிடிச்சதெண்டு உங்கடை முதலாளி எனக்குப் போன் எடுத்துச் சொன்னவர். நான் என்ரை காதாலை கேட்டனான். அப்ப கள்ளன் ஆர்?"

நிரோஜா கடைசி வாங்கை ஒருதடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கள்ளன் ஒருத்தரும் இல்லை ஐயா. பாத்தன் எண்டு பொய்க்குப் பேர் போட்டது நான். பேந்து அவனைக் கள்ளன் எண்டு கத்தினதும் நான். அவன் உண்மையைத்தான் எழுதினவன். அவன் உங்கடை ஊர்ப் பொடியனெண்ட படியால்தான் நான் ஒரு வார்த்தை கேக்காமல் அப்பிடி நினைச்சனான்."

கடைசிச் சொற்களைச் சொல்ல வேண்டும் என்று அவள் திட்டமிட்டு வரவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டன. வந்த பிறகுதான் அவை உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. யாரோ ஒருவர் காறித் துப்பினார். தமையன்காரன் எழும்ப, அருட்செல்வன் அவன் கையைப் பிடித்து இருத்தினான். பிறகு தானே எழும்பினான். அவள் நின்ற பக்கம் பாராமல், நடுவால் நடந்து, கதவைத் தாண்டி வெளியே போனான்.

அவள் பின்னால் போகவில்லை. கந்தப்பு இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்சத்தையும் சொல்லும் பிள்ளை, உங்கடை முதலாளி ஏன் அப்பிடிச் சொன்னவர்?" என்றார். அவள் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினாள்.